ரூத் பேட்ரிக்கும் ஓடைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடையிலும் ஆற்றிலும் வாழும் உயிர்களைக் கணக்கெடுத்தே அந்த நீரின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பது இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அதை எண்ணும் அளவும் உள்ள அறிவியலாக மாற்றியவர்களில் முன்னால் நிற்பவர் அமெரிக்க உயிரியலாளர் ரூத் பேட்ரிக். அவருடைய ஆய்வைப் பற்றியும், அதையொட்டி வளர்ந்த ஓடைப் பாதுகாப்பைப் பற்றியும் மாணவர்களும் நீர்நிலை ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

யார் இந்த ரூத் பேட்ரிக்?

1907 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள டொபீகாவில் பிறந்தார். 2013 செப்டம்பரில், 105 வயதில் மறைந்தார். அப்பா ஃபிராங்க் பேட்ரிக் தொழிலால் வழக்கறிஞர். ஆனால் தாவரவியல் படித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள்களைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய், செடி, புழு, ஓடைத் தண்ணீர் என்று கிடைத்ததை எல்லாம் சேகரித்து வருவார். வீட்டுக்கு வந்ததும் அவற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டுவார். ரூத்துக்கு ஏழு வயதிலேயே சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் கிடைத்துவிட்டது.

அயோவா மாநிலத்தின் கோ கல்லூரியில் 1929ல் பட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1934ல் முனைவர் பட்டம். 1933ல் பிலடெல்பியாவில் இருக்கும் இயற்கை அறிவியல் கழகத்துக்கு வந்தவர், கடைசி வரை அங்கேயே இருந்தார். பெண் என்பதால் ஆரம்பத்தில் பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமலேயே வேலை செய்தார். 1945ல்தான் அவர் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறியது. 1973ல் அதே கழகத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அவர் ஆராய்ந்த டயாட்டம் என்பது என்ன?

ஓடையில் இறங்கி ஒரு பாறை மேல் கால் வைத்தால் சர்ரென்று வழுக்கும். கல்லை எடுத்து நகத்தால் சுரண்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய பசை வரும். அதில் பெரும்பகுதி டயாட்டம்தான். ஒற்றைச் செல் பாசி இது. சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். நத்தையும் பூச்சிப் புழுக்களும் அதை மேய்கின்றன, அவற்றை மீன் தின்கிறது.

டயாட்டத்தின் தனித்தன்மை அதன் ஓட்டில் இருக்கிறது. அந்த ஓடு சிலிக்காவால் ஆனது. கண்ணாடியும் அதே பொருளில்தான் செய்யப்படுகிறது. சோப்பு டப்பா போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியிலும் வரி வரியாக நுண்துளைகள். அந்த வரிகளின் அமைப்பு ஒவ்வொரு இனத்துக்கும் வேறு. உள்ளே இருக்கும் செல் செத்து அழுகிப் போனாலும் ஓடு அப்படியே கிடக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேற்றுக்குள் கிடந்தாலும் எந்த இனம் என்று சொல்லிவிடலாம்.

சரி, அதை வைத்து நீரின் நிலையை எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு டயாட்டம் இனத்துக்கும் பிடித்த சூழல் தனித்தனி. சில இனங்கள் அமிலத் தண்ணீரில்தான் வரும், சில உப்புத் தண்ணீரில். கழிவுநீர் கலந்த இடத்தில் கொழிப்பவை உண்டு, அதே இடத்தில் உடனே மறைபவையும் உண்டு. எனவே ஓரிடத்தில் எந்தெந்த இனங்கள், எவ்வளவு எண்ணிக்கையில் இருக்கின்றன என்று தெரிந்தால் அங்கே தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

யூட்டா மாநிலத்தின் கிரேட் சால்ட் ஏரி இதற்கு நல்ல உதாரணம். இன்று அது கடலைவிட உப்பு. அதன் அடியில் இருந்து எடுத்த வண்டல் மண்ணில் உள்ள டயாட்டம் ஓடுகளை பேட்ரிக் 1930களில் ஆராய்ந்தார். பழைய அடுக்குகளில் நன்னீரில் வாழும் இனங்கள் கிடைத்தன. அந்த ஏரி எப்போதும் உப்பு ஏரியாக இருந்ததில்லை என்பதற்கு அந்த ஓடுகள் சாட்சி.

தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் போதாதா?

போதாது. இரசாயனச் சோதனை தேவை, அதில் சந்தேகம் இல்லை. பேட்ரிக்கின் குழுவிலும் வேதியியலாளர் இருந்தார். ஆனால் பாட்டிலில் பிடித்த தண்ணீர், பிடித்த அந்த நிமிடத்தின் நிலையை மட்டுமே சொல்லும். நள்ளிரவில் ஒரு ஆலை கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிட்டால், காலை பத்து மணிக்குப் பிடித்த தண்ணீரில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஓடையில் இருக்கும் பூச்சிப் புழுவோ அந்த இரவையும் அங்கேயேதான் கழித்தது. பல மாதம் தண்ணீருக்குள் இருந்து வளரும் புழு ஓரிடத்தில் அடியோடு காணாமல் போயிருந்தால், அந்த மாதங்களில் ஏதோ நடந்திருக்கிறது.

இன்னொன்று, எதைத் தேடுகிறோமோ அது மட்டும்தான் லேபில் கிடைக்கும். ஈயம் இருக்கிறதா என்று பார்த்தால் ஈயத்தின் அளவு வரும், பூச்சிமருந்து இருந்தது தெரியாது. இரண்டு மூன்று பொருள்கள் தனித்தனியே வரம்புக்குள் இருந்து, சேர்ந்தால் விஷமாவதும் உண்டு. ஓடையின் உயிர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே அனுபவிக்கின்றன.

1948ல் கானெஸ்டோகா ஆற்றில் என்ன செய்தார்?

அவருடைய வேலையில் மிக முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீர் மாசு பற்றி ஒரு அறிவியல் மாநாட்டில் பேட்ரிக் பேசியதை வில்லியம் ஹார்ட் என்ற எண்ணெய் நிறுவன அதிகாரி கேட்டார். டயாட்டத்தை வைத்து மாசை அளக்கலாம் என்ற யோசனை அவருக்குப் பிடித்துப் போய், ஆய்வுக்கு நிதி திரட்டிக் கொடுத்தார். 1947ல் பேட்ரிக் தன் கழகத்தில் நன்னீர் ஆய்வுக்கென்று ஒரு துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் ஓடும் கானெஸ்டோகா ஆற்றுப் படுகைக்குள் ஒரு குழுவோடு இறங்கினார். வயல், மாட்டுப் பண்ணை, ஊர்ச் சாக்கடை, தொழிற்சாலை என்று பல வகையான கழிவு ஒரே படுகையில் கிடைத்ததால்தான் அந்த இடம்.

அதுவரை பெரும்பாலும் ஒருவர் மீனை ஆராய்வார், இன்னொருவர் பூச்சியை ஆராய்வார், வேறொருவர் எங்கோ உட்கார்ந்து தண்ணீரைச் சோதிப்பார். பேட்ரிக் பாசி அறிந்தவர், பூச்சி அறிந்தவர், மீன் அறிந்தவர், பாக்டீரியா நிபுணர், வேதியியலாளர் எல்லோரையும் ஒன்றாக ஒரே ஆற்றில் இறக்கினார். எல்லோரும் அதே இடத்தில், அதே காலத்தில் மாதிரி எடுத்தார்கள்.

கிடைத்த உயிர்களை ஏழு தொகுதிகளாகப் பிரித்தார். மாசைத் தாங்கும் நீலப்பச்சைப் பாசியும் அது போன்றவையும் முதல் தொகுதி. மண்புழுவின் நீர்வாழ் உறவினர்கள், அட்டை, சில வகை நத்தைகள் இரண்டாவது தொகுதி. டயாட்டம் இன்னொரு தொகுதியில், பூச்சிகளும் நண்டு வகை ஓட்டுடலிகளும் ஒன்றில், மீன் கடைசியில். நல்ல நிலையில் உள்ள ஓடைகளில் ஒவ்வொரு தொகுதியிலும் சராசரியாக எத்தனை இனங்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டு, அதோடு மற்ற இடங்களை ஒப்பிட்டுப் பட்டை வரைபடம் போட்டார். ஏழு பட்டைகளும் உயரமாக நின்றால் ஆரோக்கியமான இடம். மீனும் பூச்சியும் சரிந்து, நீலப்பச்சைப் பாசியும் அட்டையும் புழுவும் இருக்கும் முதல் இரண்டு பட்டைகள் மட்டும் நீண்டால் மாசு. எல்லாமே குட்டையானால் கடும் மாசு. இந்த முடிவுகள் 1949ல் வெளியாகின. ஆய்வாளர் அல்லாத ஒரு நகராட்சி அதிகாரியும் பார்த்த உடனே புரிந்துகொள்ளக்கூடிய படம் அது. அதன் வலிமையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

‘பேட்ரிக் கொள்கை’ என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு நீர்நிலையின் நலத்தை அங்கே வாழும் இனங்களின் எண்ணிக்கையும், அந்த இனங்களுக்கு இடையே உயிர்கள் பங்கிட்டிருக்கும் விதமும் காட்டிக்கொடுக்கும் என்பதே அதன் சாரம். சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாய் இதற்கு அந்தப் பெயரைச் சூட்டி, சுற்றுச்சூழல் அறிவியலின் அடித்தளங்களில் ஒன்றாக வைத்தார்.

இதற்கு முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்சனும் சில இனங்களை மாசின் அடையாளமாகப் பட்டியலிட்டிருந்தார்கள். இந்தப் புழு இருந்தால் சாக்கடை கலந்திருக்கிறது என்கிற மாதிரி. பேட்ரிக் அதற்கு மேல் போனார். மாசு தாங்கும் இனம் நல்ல ஓடையிலும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். அதனால் ஒற்றை இனத்தை நம்பாமல் மொத்தக் கூட்டத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நல்ல ஓடையில் இனங்கள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும். கழிவு கலந்தால் அந்த அரிய இனங்கள் ஒவ்வொன்றாக விழும், தாங்கக்கூடிய இரண்டு மூன்று இனங்கள் மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகும். தண்ணீர் பச்சைப் பசேல் என்று உயிர் நிறைந்தது போல் தெரியும் ஓடை பல நேரம் நோயுற்ற ஓடையாக இருப்பது இதனால்தான்.

டயாட்டோமீட்டர் என்ற கருவி எப்படி வேலை செய்கிறது?

அதில் மின்சாரமும் இல்லை, நகரும் பாகமும் இல்லை. மிதக்கும் ஒரு சின்னச் சட்டத்தில், மைக்ராஸ்கோப்புக்குப் பயன்படும் கண்ணாடித் தகடுகளை வரிசையாகச் செருகி ஆற்றில் கட்டிவிடுவார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனதும் எடுப்பார்கள். தெளிவாக இருந்த கண்ணாடியின் மேல் பழுப்புப் படலம் படிந்திருக்கும். நீரோடு வந்த டயாட்டங்கள் ஒட்டிக்கொண்டு பெருகிய படலம் அது.

எதற்கு இந்தக் கண்ணாடி? ஒரு இடத்தில் பாறை இருக்கும், இன்னொரு இடத்தில் சேறு, மற்றொன்றில் அழுகிய மரக்கட்டை. பாறை மேல் வளர்வதையும் சேற்றில் வளர்வதையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டால், வித்தியாசம் தண்ணீரால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

படலத்தை அமிலத்தில் இட்டுக் கரிமப் பொருளை நீக்கி, ஓடுகளை மட்டும் பிரித்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஆயிரக்கணக்கில் எண்ணுவார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஓர் இனத்தில் எத்தனை உயிர்கள் என்பதைக் கிடையிலும், அப்படி எத்தனை இனங்கள் என்பதை நெட்டிலும் வைத்து வரைபடமாக்கினால் ஆரோக்கியமான ஆற்றில் உயரமான, குறுகலான வளைவு வரும். மாசுபட்ட ஆற்றில் அதே வளைவு படுத்துவிடும், வலப் பக்கம் நீண்ட வால் முளைக்கும். அந்த வால்தான் அளவுக்கு மீறிப் பெருகிய சில இனங்கள். 1954ல் இந்த முறையை பேட்ரிக் தன் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்டார்.

தொழிற்சாலை வந்த பிறகு ஆய்வு செய்தால் என்ன பயன்?

பயன் குறைவுதான். இது பேட்ரிக்குக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தென் கரோலினாவில் சவான்னா ஆற்றங்கரையில் அணு ஆயுதப் பொருள் தயாரிக்கும் பெரிய வளாகத்தை அமெரிக்க அரசு கட்டத் தொடங்கியபோது, 1951லேயே அவருடைய குழு அந்த ஆற்றில் இறங்கிவிட்டது. முதல் அணு உலை இயங்கத் தொடங்கியதோ 1953ன் கடைசியில். உலை வருவதற்கு முன் ஆறு எப்படி இருந்தது என்ற பதிவு அதனால் கையில் இருந்தது. ஆய்வு அதோடு நிற்காமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பிற்பாடு ஆற்றில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது வளாகத்தால் வந்ததா, மேலே இருக்கும் ஊரால் வந்ததா, வறட்சியால் வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது.

ஓடைப் பாதுகாப்பில் அக்கறை உள்ள யாரும் இவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பேன். ஓடை நன்றாக இருக்கும்போதே கணக்கெடுங்கள். கெட்ட பிறகு, முன்னால் நன்றாக இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் ஆதாரம் கேட்பார்கள்.

தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்தவர்தானே? அவரை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. 1975ல் டியூபான்ட் என்ற பெரிய இரசாயன நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்த முதல் பெண் அவர். சுற்றுச்சூழல் ஆர்வலர்களில் சிலருக்கு இது உறுத்தலாகவே இருந்தது. பேட்ரிக்கின் நிலைப்பாடு வேறு: கழிவை விடுபவர்களோடு பேசாமல் கழிவை நிறுத்த முடியாது. அறிவியலாளர், தொழில் நிறுவனம், அரசு மூன்று தரப்பும் ஒரே மேசைக்கு வர வேண்டும் என்று கடைசி வரை வாதாடினார்.

என் பார்வையில், அவர் யாரோடு உட்கார்ந்தார் என்பதைவிட எப்படி அளந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். யார் எண்ணினாலும் திரும்பச் சரிபார்க்கக்கூடிய முறையை அவர் விட்டுச் சென்றிருக்கிறார். கண்ணாடித் தகடுகள் பாதுகாக்கப்படுகின்றன. அவர் வளர்த்தெடுத்த பிலடெல்பியா டயாட்டம் சேகரிப்பில் இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தகடுகள் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர் எடுத்து மறுபடி எண்ணலாம்.

சட்டங்களில் அவருடைய பங்கு உண்டா?

உண்டு. 1972ல் அமெரிக்கா கொண்டுவந்த தூய நீர்ச் சட்டத்தை வகுப்பதற்கு அவருடைய ஆலோசனை கேட்கப்பட்டது. அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் நீர் மாசு பற்றியும், ரீகன் காலத்தில் அமில மழை பற்றியும் அரசுக்கு ஆலோசனை சொன்னார். 1975ல் சுற்றுச்சூழல் துறைக்கான டைலர் பரிசும் 1996ல் தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றார்.

பெரிய ஆற்றை விட்டுவிட்டுச் சின்ன ஓடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு ஆற்றின் கிளைகளை எல்லாம் சேர்த்து அளந்தால், மொத்த நீளத்தில் பெரும்பகுதி தாண்டிக் கடக்கக்கூடிய சின்ன ஓடைகள்தான். கீழே ஆற்றில் என்ன வரும் என்பது மேலே முடிவாகிவிடுகிறது.

1967ல் பென்சில்வேனியாவில் ஆவண்டேல் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒயிட் கிளே ஓடையின் கரையில் ஸ்ட்ரவுட் நீர் ஆய்வு மையம் உருவானது. நிலமும் ஆதரவும் கொடுத்தது ஸ்ட்ரவுட் தம்பதி, அறிவியல் பக்கம் தோள் கொடுத்தது பேட்ரிக். அங்கே இருந்த ராபின் வன்னோட் நான்கு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1980ல் வெளியிட்ட கட்டுரை, ஆற்றைத் தலை முதல் கடைவரை ஒரே தொடர்ச்சியாகப் பார்க்கச் சொன்னது. மேலே மரநிழலில் ஓடும் சிற்றோடையில் வெளிச்சம் குறைவு, பாசியும் குறைவு. அங்கே சாப்பாடு என்பது கரை மரங்களில் இருந்து உதிரும் இலை. ஊறிய இலையைக் கிழித்துத் தின்னும் புழுக்கள் அங்கே அதிகம். அவை தின்றது போக மிச்சமான துகள் கீழே மிதந்து போகும். நடுப்பகுதியில் ஓடை அகலமாகி வெயில் விழும், பாசியைச் சுரண்டி மேய்பவை கூடும். இன்னும் கீழே, மேலிருந்து வந்த நுண்துகளை வடிகட்டித் தின்பவை மிகுந்துவிடும். மேலே மரத்தை வெட்டினால் பல மைல் கீழே இருக்கும் உயிரின் உணவு மாறிவிடும்.

கரையோரம் மரம் எவ்வளவு அகலத்துக்கு இருக்க வேண்டும்?

ஸ்ட்ரவுட் மையத்தின் ஸ்வீனியும் நியூபோல்டும் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2014ல் சொன்ன அளவு, சிற்றோடைகளுக்கு ஒவ்வொரு கரையிலும் குறைந்தது 30 மீட்டர். வயலில் இருந்து வரும் நைட்ரஜனும் மண்ணும் ஓரளவு தடுக்கப்படவும், தண்ணீர் சூடாகாமல் இருக்கவும், மீனும் பூச்சியும் இயல்பாக வாழவும் அந்த அகலம் வேண்டியிருக்கிறது.

சூட்டை அலட்சியமாக எண்ண வேண்டாம். பேட்ரிக்கும் சகாக்களும் 1969ல் வெளியிட்ட சோதனைகளில், தண்ணீரின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது டயாட்டங்கள் பின்வாங்கி நீலப்பச்சைப் பாசி மேலோங்கியது.

புல் மட்டும் வளர்ந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஸ்வீனியின் குழு 2004ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் பதில். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 16 ஓடைகளில், மரம் உள்ள பகுதியையும் மரம் இல்லாத பகுதியையும் அளந்தார்கள். மரம் வெட்டிய இடத்தில் ஓடை குறுகியிருந்தது. வெயில் பட்டதும் கரையில் புல் தழைத்து, ஓடும் மண்ணைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே கரையை நீட்டிவிடுகிறது. ஓடை குறுகினால் வேகம் கூடும், அடிப்பரப்பு குறையும். கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவும் புழுவும் வாழ்வது அந்த அடிப்பரப்பில்தான். நிழலில் அகலமாக, மெதுவாக ஓடும் ஓடை, ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அதிக நைட்ரஜனைச் செரிப்பதை அவர்கள் அளந்து காட்டினார்கள்.

கருவி ஒன்றும் இல்லாமல் ஒரு ஓடையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் இருந்து அமிலம் வடியும் ஓடைகள் சில கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

வேகமாக ஓடும் ஆழமில்லாத இடத்தில், கைக்கு அடங்கும் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். வயிற்றின் இரு பக்கமும் செவுள் துடிக்க, பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு தட்டையாக ஒட்டியிருப்பது மேஃப்ளையின் இளம் பருவம். இரண்டு வால் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை. மணலையோ இலைத் துண்டையோ ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் இருந்து தலையை மட்டும் நீட்டுவது கேடிஸ்ஃப்ளை. இந்த மூன்றும் பல வகைகளில் இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. மீன் தொட்டிக்கு வாங்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் சிவப்பு ரத்தப்புழுவும் மட்டுமே குவிந்து கிடந்தால் கழிவுநீரைச் சந்தேகிக்கலாம். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள்.

அந்த ஓடைகள் இப்போது எப்படி இருக்கின்றன?

ஒயிட் கிளே ஓடையின் நிலைமை பரவாயில்லை. 2000ல் அதன் முழு வடிகால் பகுதியும் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பகுதியை மட்டும் எடுக்காமல் கிளைகளோடு சேர்த்து முழு வடிகாலையும் பாதுகாத்தது அமெரிக்காவில் அதுவே முதல்முறை. கானெஸ்டோகா இன்னமும் போராடிக்கொண்டிருக்கிறது. லங்காஸ்டர் மாவட்டப் பண்ணைகளின் சாணமும் உரமும் அதன் வழியாக சஸ்குவெஹன்னா ஆற்றுக்கும், அங்கிருந்து செசபீக் விரிகுடாவுக்கும் போகின்றன. ஆலைக் குழாயை அடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆயிரக்கணக்கான பண்ணைகளில் மழையோடு வடிவதைத் தடுக்க ஒவ்வொரு விவசாயியோடும் பேசியாக வேண்டும். ஸ்ட்ரவுட் மையத்தினர் அந்தப் பகுதிகளில் ஓடைக்குள் மாடு இறங்காமல் வேலி போடவும், கரையில் மரம் வைக்கவும் உதவுகிறார்கள்.

மரம் வைத்தால் ஓடை எத்தனை நாளில் மீளும்?

ஒரே பதில் இல்லை. முதலில் கன்று பிழைக்க வேண்டும். மானும் எலியும் கடிக்காமல் இருக்க ஒவ்வொரு கன்றுக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, சுற்றிலும் களை எடுத்தால் பிழைப்பவை கணிசமாகக் கூடுகின்றன. நட்டுவிட்டுப் போய்விடுவது வீண் செலவு. கிளைகள் ஓடைக்கு மேல் கூடியதும் நிழலும் இலையும் கிடைத்துவிடும். ஆனால் குறுகிய ஓடை பழைய அகலத்துக்கு விரிய பல பத்தாண்டுகள் ஆகும். நிலத்தடி நீரில் ஏற்கெனவே இறங்கிவிட்ட நைட்ரேட் வேறு ஆண்டுக்கணக்கில் ஊறி வந்துகொண்டே இருக்கும். பூச்சிகள் திரும்புவது அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. சிறகு முளைத்த மேஃப்ளை பறந்து வந்து முட்டையிடும் தூரத்தில் நல்ல ஓடை ஒன்று மிச்சம் இருந்தால் சீக்கிரம் வரும். அப்படி ஒன்று இல்லாத இடத்தில் கரை முழுக்க மரம் நின்றாலும், கல்லுக்கு அடியில் நெடுநாள் ஒன்றும் இருக்காது.